சுவரில்லாத சர்வகலாசாலைகள்

அரசியல்வாதிகளுக்கும் சர்வகலாசாலைகளுக்கும் உள்ள உறவு நெடுநாளைய உறவு. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி தரித்துக் கொண்டு இளைஞர்களுக்கு உபதேசம் செய்வதில் தொடங்கி, வேண்டியவர்களுக்கு உத்தியோகம் வாங்கித் தருவது வரையில் அந்த உறவு எப்படியெல்லாம் பரிமளிக்கிறது என்பதை நம் நாட்டார் நன்கு அறிவர். அதைப் பற்றி நாம் இங்கே எழுதப் போவதில்லை.

கட்டடம் இல்லாமல், மைதானம் இல்லாமல், வகுப்பு மணி இல்லாமல், ஆகாய மார்க்கமாகவும் இணைய மார்க்கமாகவும் பாடம் சொல்லிக் கொடுக்கும் சர்வகலாசாலைகளை மந்திரிகளே முன்னின்று ஸ்தாபித்ததுண்டு. அவற்றுள் பிரிட்டன் தேசத்துக் கதைகள் இரண்டை இங்கே எடுத்துக் கொள்கிறோம். இரண்டும் ஒரே தேசத்தில், ஒரே கட்சியின் ஆட்சியில் நடந்தவை. வீட்டிலிருந்தபடியே ஜனங்கள் உயர்தரக் கல்வி பெற வேண்டும் என்ற எண்ணமும் இரண்டுக்கும் பொதுவானதே. ஆனால், முதலில் நட்ட செடி ஐம்பது வருஷங்களுக்கு மேலாகக் காய்த்து வருகிறது. இரண்டாவது, தண்ணீருக்குப் பஞ்சமில்லாமல் ஊற்றியும் நாலே வருஷத்தில் பட்டுப் போயிற்று.

அயல் நாட்டு வம்பு நமக்கு ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். இன்று நம் வீடுகளிலும் பையனோ பெண்ணோ கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து பட்டத்துக்குப் படிக்கும் காலம் வந்து விட்டது. பணம் கட்டுகிற தகப்பனார், “இந்தப் பட்டம் செல்லுமா?” என்று கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் “செல்லும்” என்கிறார். எதிர் வீட்டுக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். இந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது, இதற்கு யார் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதை அறிய விரும்புவோருக்கு அந்த இரண்டு கதைகளும் பயன்படும்.

ஈஸ்டர் ஞாயிறன்று எழுதிய குறிப்பு

1963-ம் வருஷம் பிரிட்டனில் தொழிற் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தது. அதன் தலைவரான ஹெரால்டு வில்ஸன் அவ்வருஷத்து ஈஸ்டர் பண்டிகையை ஸில்லித் தீவுகளில் கழித்தார். ஞாயிறு காலை மாதா கோயிலுக்குப் போய் வந்த பிறகு, பகல் போஜனத்துக்கு முன் கிடைத்த சிறு அவகாசத்தில் ஒரு காகிதத்தில் சில குறிப்புகளை எழுதினார். ரேடியோவும் டெலிவிஷனும் தபாலும் சேர்ந்து நடத்தும் ஒரு சர்வகலாசாலை என்பதே அந்தக் குறிப்பின் சாரம்.

யோசனை முழுவதும் அவருடைய மூளையிலேயே உதித்ததென்று சொல்ல முடியாது. ஸோவியத் ருஷ்யாவில் ஏராளமானவர்கள் தபால் மூலம் படித்து இஞ்சினீயர்களாவதை அவர் நேரில் அறிந்திருந்தார். அமெரிக்காவில் கல்விப் படங்கள் தயாரிக்கும் முயற்சியையும் பார்த்திருந்தார். மைக்கேல் யங் என்ற சமூகவியல் அறிஞர் முந்திய வருஷமே ‘திறந்த சர்வகலாசாலை’ ஒன்று வேண்டுமென்று எழுதியிருந்தார். இன்னொன்றும் சொல்லி வைப்போம். நம் டில்லி சர்வகலாசாலை, டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைந்த நிபுணர் கமிட்டியின் சிபார்சுப்படி, 1962-லேயே தபால் மூலம் பி.ஏ. பாடம் நடத்தத் தொடங்கி விட்டது. வில்ஸன் பேசுவதற்கு ஒரு வருஷம் முன்னதாக! இங்கிலாந்து காட்டிய பிறகே இந்தியா கண் திறந்தது என்று எண்ணுவோர் இந்தத் தேதியை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

அவ்வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி, கிளாஸ்கோ நகரத்தில் வில்ஸன் தமது ‘ஆகாய சர்வகலாசாலை’யைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அக்காலத்துப் பிரிட்டனில் சர்வகலாசாலை வாசலை மிதிக்கக் கூடிய வயதினரில் நூற்றுக்கு நாலு பேரே அதை மிதித்தார்கள். பாக்கித் தொண்ணூற்றாறு பேரில் புத்திசாலிகளே கிடையாதா? தேர்தல் சமயத்தில் எழுப்பத்தக்க கேள்விதான். பிரசங்கத்தில் பிறந்த திட்டங்கள் பெரும்பாலும் பிரசங்கத்திலேயே சமாதியாவது எந்த நாட்டிலும் வழக்கம். இந்தத் திட்டமும் அப்படித்தான் ஆகியிருக்கும். அதற்கு ஒரு பெண்மணி குறுக்கே நின்றார்.

சுரங்கத் தொழிலாளியின் மகள்

ஜென்னி லீ 1904-ம் வருஷம் ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். எடின்பரோ சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர். 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் நடந்த உப தேர்தலில் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது இருபத்து நாலு. அன்றைய வாக்காளர் ஜாபிதாப்படி முப்பது வயது ஆகாத ஸ்திரீகளுக்கு வோட்டு இல்லை. தமக்கே வோட்டுப் போட்டுக் கொள்ள உரிமையில்லாதவர் சட்டசபையில் போய் உட்கார்ந்தார்! பிரிட்டிஷ் அரசியலில் இந்திய விடுதலைக்குப் பரிந்து பேசிய கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். அவருடைய கணவர், தேசிய மருத்துவத் திட்டத்தை ஏற்படுத்திய அனைரின் பெவான். பெவான் நம் ஜவாஹர்லாலின் சிநேகிதர்.

1964-ம் வருஷம் அக்டோபரில் வில்ஸன் பிரதம மந்திரியானார். எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்தால் நாலு வோட்டுத்தான் வித்தியாசம். அத்தகைய நிலையில் எந்தப் பிரதம மந்திரியும் ஆகாய சர்வகலாசாலையைப் பற்றி நினைக்க மாட்டார். வில்ஸன் நினைத்தார். மறு வருஷம் மார்ச் மாதம் அந்த வேலையை ஜென்னி லீயிடம் ஒப்படைத்தார். அவர் கல்வி இலாகாவில் இளைய மந்திரி. கலைகளுக்கும் பொறுப்பு வகித்தவர்.

கல்வி இலாகா அதிகாரிகளுக்கு இந்தத் திட்டத்தில் சிறிதும் பிரியமில்லை. முதியோர் கல்விக்கென்று இருக்கும் ஏற்பாடுகளோடு இதையும் ஒரு மூலையில் சேர்த்து விடலாம், பட்டம் வேண்டாம், சர்டிபிகேட் போதும் என்பன போன்ற நயமான யோசனைகள் வந்த வண்ணம் இருந்தன. ஜென்னி லீ அவற்றை ஏற்கவில்லை. ஆலோசனைக் கமிட்டிக்குத் தாமே தலைமை வகித்தார். அவர் பிடித்த பிடி இதுதான்: ஏழைகளுக்கென்று ஒரு மட்டரக சர்வகலாசாலை தேவையில்லை; பட்டம் மற்றச் சர்வகலாசாலைகளின் பட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்; சேருவதற்கு மட்டும் எந்தப் பரீட்சையும் தேறியிருக்க வேண்டியதில்லை. கடைசி நிபந்தனையைக் கேட்டுப் பண்டிதர்கள் தலையில் அடித்துக் கொண்டார்கள். படிப்பு வாசனையில்லாதவர்களை உள்ளே விட்டு விட்டு, வெளியே வரும்போது மட்டும் பண்டிதர்களாக வர வேண்டும் என்றால் எப்படி? ஆனால் அந்த அம்மாளின் கணக்கில் தவறில்லை. உள்ளே விடும்போது தாராளமும் வெளியே அனுப்பும்போது கண்டிப்பும் இருந்தால்தான் அந்தப் பட்டத்தை உலகம் மதிக்கும். வாசலில் கண்டிப்பும் பரீட்சையில் தாராளமும் எத்தனையோ ஸ்தாபனங்களில் பார்த்திருக்கிறோமே!

சில இடங்களில் அவர் விட்டுக் கொடுக்கவும் செய்தார். சர்வகலாசாலைக்கென்றே தனி டெலிவிஷன் அலைவரிசை வேண்டுமென்பது அவரது ஆசை. செலவு தாங்காது என்று தெரிந்ததும் பி.பி.ஸி.யின் இரண்டாவது அலைவரிசையில் சில மணி நேரம் கிடைத்தால் போதுமென்று இணங்கினார். பி.பி.ஸி.யோடு பேரம் பேசியவர் பிரதம மந்திரியின் வக்கீலான குட்மன் பிரபு. அவர் போட்டுக் கொடுத்த செலவுக் கணக்கு உண்மையான செலவுக்கு வெகு தூரம் குறைவாக இருந்தது. சரியான தொகையைச் சொல்லியிருந்தால் காரியமே நடந்திராதோ என்னவோ! இவ்வளவு தப்பான கணக்குக் கொடுத்ததற்காகத் தாம் வெட்கப்பட வேண்டியதே என்ற முறையில் அவரே பல வருஷம் கழித்துப் பிரபுக்கள் சபையில் பேசினார். நல்ல காரியத்துக்காகச் சொன்ன பொய்க் கணக்கு என்று இதை மன்னித்து விட நமக்கு மனம் வரவில்லை. இரண்டாவது கதையிலும் கணக்கே விபரீதம் விளைவித்தது என்பதை நேயர்கள் பார்ப்பார்கள்.

1966 பிப்ரவரியில் வெள்ளை அறிக்கை வெளியாயிற்று. 1969 ஏப்ரலில் ராஜ சாஸனம் கிடைத்தது. மனிதன் சந்திரனில் கால் வைத்த அதே ஜூலை மாதத்தில், லண்டனில் தொடக்க விழா நடந்தது. பெயர் மட்டும் மாறி விட்டது. ஆகாயம் போய், ‘திறந்த சர்வகலாசாலை’ என்று ஆயிற்று.

பாலை நிறுத்தியவர் காத்த பயிர்

1970-ம் வருஷம் ஜூன் மாதம் பொதுத் தேர்தலில் தொழிற் கட்சி தோற்றது. ஜென்னி லீயும் தமது ஸ்தானத்தை இழந்தார். அப்போது திறந்த சர்வகலாசாலையில் ஒரு மாணவரும் பாடம் தொடங்கியிருக்கவில்லை. புதிய கன்ஸர்வேடிவ் சர்க்காரில் பொக்கிஷ மந்திரியாக வந்த அயன் மக்லௌட், இந்த யோசனை வெறும் பிதற்றல் என்று முன்பே அபிப்பிராயம் சொன்னவர். கத்தரிக்கோல் அவர் கையில் இருந்தது. ஆனால் பதவியேற்ற ஒரே மாதத்தில் அவர் காலமானார்.

கல்வி மந்திரியாக வந்தவர் மார்கரெட் தாட்சர். பள்ளிக்கூடத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்து வந்த பாலை நிறுத்தி, நாடு முழுவதும் ஏச்சு வாங்கிக் கட்டிக் கொண்ட அதே அம்மையார்தான். எதிர்க்கட்சி பெற்ற பிள்ளையாயிற்றே என்று இதையும் அவர் கழுத்தை நெரித்திருக்கலாம்; கேட்பாரில்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். கட்டடமும் விடுதியும் கட்டிப் பட்டதாரிகளை உண்டு பண்ணுவதை விட இந்த வழியில் செலவு குறைவு என்று அவருக்குத் தோன்றிற்று. சர்வகலாசாலை பிழைத்தது. ஒரு கட்சி ஆரம்பித்ததை மறு கட்சி மூடுவதே ராஜதந்திரம் என்று கருதும் நம் மாகாணத்து அரசியல்வாதிகள் இந்தப் பாராவை இரண்டு தடவை படிக்கலாம்.

1971 ஜனவரியில் பாடங்கள் தொடங்கின. நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மனுச் செய்திருந்தார்கள். ஏறக்குறைய 24,000 பேர் சேர்த்துக் கொள்ளப்பட்டார்கள். டெலிவிஷனில் ஆசிரியர் தோன்றிப் பாடம் நடத்தியதையே பத்திரிகைகள் பெரிதாக எழுதின. வேடிக்கை பார்ப்பவர் கண்ணுக்கு அதுதானே தெரியும்! ஆனால் சர்வகலாசாலையின் உயிர் அங்கே இல்லை. வீட்டுக்குத் தபாலில் வந்த பாடப் புத்தகங்களில் இருந்தது. படிப்பவர் தனியே இருக்கிறார், சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆளில்லை என்பதை மனத்தில் வைத்துக் கொண்டு, பல ஆசிரியர்கள் ஒன்று கூடித் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதிய புத்தகங்கள் அவை. விஞ்ஞானம் எடுத்தவர்களுக்குச் சோதனைச் சாமான்கள் அடங்கிய பெட்டியும் வீடு தேடி வந்தது. சமையலறை மேஜையே ஆராய்ச்சிசாலை ஆயிற்று. மாணவர் எழுதி அனுப்பும் விடைகளை அந்தந்த வட்டாரத்திலே நியமிக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர் வரி வரியாகப் படித்து, ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். கோடை விடுமுறையில் ஒரு வாரம் நேரில் கூடிப் படிக்கும் ஏற்பாடும் உண்டு.

முதலில் சேர்ந்தவர்களில் பெரிய பகுதி, பட்டம் இல்லாமலே வேலை பார்த்து வந்த பள்ளிக்கூட உபாத்தியாயர்கள். “சுரங்கத் தொழிலாளி எங்கே? பஸ் கண்டக்டர் எங்கே?” என்று பரிகாசம் செய்தவர்கள் இருந்தார்கள். பரிகாசத்தில் நியாயமும் இருந்தது. காலக்கிரமத்தில் குடும்பப் பெண்களும் தொழிலாளிகளும் அங்கவீனர்களும் சிறைக் கைதிகளுங்கூடச் சேர்ந்தார்கள். 1973 ஜூனில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா மாளிகையில் முதல் பட்டமளிப்பு விழா நடந்தது. 1936-ல் பி.பி.ஸி. தன் டெலிவிஷன் ஒளிபரப்பைத் தொடங்கிய இடமும் அதுவே. இதுவரை அச்சர்வகலாசாலையில் படித்தவர்கள் இருபது லட்சத்துக்கு அதிகம். தமது ஆட்சியின் காரியங்களில் இது ஒன்றுக்காகத் தம்மை ஜனங்கள் ஞாபகம் வைத்துக் கொண்டால் போதும் என்பது வில்ஸனின் விருப்பமாயிருந்தது.

‘ஈ’ சர்வகலாசாலை

இப்போது முப்பது வருஷம் தாண்டி வருவோம். 2000-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி. மறுபடியும் தொழிற் கட்சி சர்க்கார். டோனி பிளேர் பிரதம மந்திரி. கல்வி மந்திரி டேவிட் பிளங்கெட், கிரீனிச் சர்வகலாசாலையில் ஒரு பிரசங்கம் செய்தார். இணையத்தின் மூலம் உலகமெங்கும் பிரிட்டிஷ் பட்டங்களை வழங்க ஒரு ‘ஈ-யூனிவர்சிட்டி’ அமைக்கப்படும் என்று அறிவித்தார்.

பிளங்கெட்டைச் சாமானியராக நினைத்து விடக் கூடாது. பிறவியிலேயே கண் பார்வை இல்லாதவர். ஷெபீல்டு நகரத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பகலில் காஸ் கம்பெனியில் டைப் அடித்து, மாலை வகுப்புகளில் படித்துப் பரீட்சைகள் தேறி, பிறகு சர்வகலாசாலைக்குப் போனவர். வேலை பார்த்துக் கொண்டே படிப்பவரின் கஷ்டம் அவரைப் போலப் பிரிட்டிஷ் மந்திரி சபையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. அப்படியிருந்தும் அவருடைய திட்டத்தில் அந்த மாலை வகுப்பு மாணவனைக் காணோம். அமெரிக்கச் சர்வகலாசாலைகளும் கம்பெனிகளும் இணையக் கல்விச் சந்தையைப் பிடித்துக் கொள்ளப் போகின்றன, பிரிட்டன் பின்தங்கி விடக் கூடாது என்ற கவலைதான் மேலோங்கி நின்றது. அது இணையக் கம்பெனிகளின் பங்குகள் வானத்தில் பறந்த சமயம். எதன் பெயருக்கு முன்னாலும் ‘ஈ’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் பணம் கொட்டும் என்று பெரிய மனிதர்களெல்லாம் நம்பியிருந்தார்கள். மந்திரியின் பிரசங்கம் நடந்து ஒரு மாதம் ஆவதற்குள் அமெரிக்கப் பங்கு மார்க்கெட்டில் அந்தப் பறவைகள் இறங்கத் தொடங்கி விட்டன. லண்டனில் திட்டம் மட்டும் ஏறிக் கொண்டே இருந்தது.

சர்க்கார் ஒதுக்கிய தொகை 6 கோடியே 20 லட்சம் பவுன். 2001-ல் இதற்கென்று ஒரு கம்பெனி அமைந்தது. முதலில் செய்த பெரிய காரியம், பாடம் நடத்துவதற்கு ஒரு கம்ப்யூட்டர் அமைப்பைப் புதிதாகக் கட்டுவது. ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து கட்டிய அந்த அமைப்புக்கு 1 கோடியே 45 லட்சம் பவுன் செலவாயிற்று. விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் 42 லட்சம். தனியார் முதலாளிகள் பாதிப் பணம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். முதலாளிகள் மந்திரிகளை விடச் சற்று நிதானமானவர்கள். தூர நின்று பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

2003-ல் கடை திறந்தாயிற்று. முதல் வருஷத்தில் 5,600 மாணவர்கள் சேர வேண்டும் என்பது திட்டம். சேர்ந்தவர்கள் 900 பேர். நம் ஊரில் வாடிக்கைக்காரர் வராத கடையில் முதலாளி என்ன செய்து கொண்டிருப்பார் என்பது நமக்குத் தெரியும். பிரிட்டிஷ் சர்க்கார் வைத்த பெயரிலேயே அது இருந்ததைத் தமிழர்களாகிய நாம் மட்டுமே ரஸிக்க முடியும்.

2004-ம் வருஷத் தொடக்கத்தில், உயர்தரக் கல்விக்குப் பணம் பட்டுவாடா செய்யும் சபை இனி இதற்குப் பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது. அதற்குள் செலவானது 5 கோடிப் பவுன். தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் ஒரு மாணவருக்கு ஏறக்குறைய 55,000 பவுன் ஆகிறது. அந்தப் பணத்தில் அவர்களை லண்டனுக்கே வரவழைத்து, வீடு பிடித்துக் கொடுத்து, பக்கத்தில் ஒரு வாத்தியாரையும் வைத்திருக்கலாம்!

2005 மார்ச்சில் காமன்ஸ் சபையின் கல்விக் கமிட்டி தனது விசாரணை அறிக்கையை வெளியிட்டது. பொதுப் பணம் வெட்கக்கேடான முறையில் விரயமாயிற்று என்று பச்சையாகவே எழுதிற்று. முன்கூட்டியே சந்தையைச் சரிவர ஆராயவில்லை. மாணவர்களுக்கு என்ன வேண்டுமென்று கேட்பதற்குப் பதில், தங்களிடம் இருப்பதை விற்கப் பார்த்தார்கள். அதிலும் கம்ப்யூட்டர் அமைப்பின் மீதே கண்ணாயிருந்தார்கள். கம்ப்யூட்டரோடு ஆசிரியரின் முகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்பதே பெரும்பாலான மாணவர்களின் விருப்பம். இவ்வளவுக்கும் நடுவில் கம்பெனியின் நிர்வாக அதிகாரிக்குக் கொடுத்த போனஸ் 44,914 பவுன். கமிட்டி இதையும் கண்டித்தது.

நமக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொரு விஷயம். பிரசங்கம் செய்த பிளங்கெட் 2001 ஜூனில் உள்நாட்டு மந்திரியாகப் போய் விட்டார். அடுத்து எஸ்டெல் மாரிஸ் வந்தார். 2002 அக்டோபரில் அவரும் போய், சார்லஸ் கிளார்க் வந்தார். கடை திறந்தபோதும் மூடியபோதும் அதைத் தன் குழந்தை என்று சொல்லிக் கொள்ள மந்திரி யாரும் இல்லை. ஜென்னி லீ ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரே காரியத்தைக் கட்டிக் கொண்டு அழுதார். பதவி உயர்ந்தபோதும் அதைக் கை விடவில்லை. இணையக் கல்வியில் அரசியல்வாதி தலையிடலாமா கூடாதா என்று சிலர் வாதிக்கிறார்கள். தலையிட்டவர் கடைசி வரை இருந்தாரா என்று பார்ப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம். கையெழுத்துப் போடும் அன்று இருந்தவர், கணக்குப் பார்க்கும் அன்றும் இருக்க வேண்டும்.

அதே தீவில், சில மணி நேரப் பிரயாணத்தில், முப்பது வருஷ அநுபவத்தோடு திறந்த சர்வகலாசாலை இருந்து கொண்டிருந்தது என்பது இன்னொரு வேதனை. அதனிடமும் எல்லாம் சரியாக நடந்ததென்று சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் கிளை திறந்து, 2002-ல் நஷ்டத்தோடு மூடிற்று. 2012 டிசம்பரில் ‘பியூச்சர்லேர்ன்’ என்ற இணையப் பாட ஸ்தாபனத்தை ஆரம்பித்தது. அப்போதைய சர்வகலாசாலை மந்திரி டேவிட் வில்லெட்ஸ் அதற்கு மிகவும் ஊக்கம் அளித்தார். பத்து வருஷம் கழித்து அது தனியார் கைக்கு விற்கப்பட்டது. ஆயினும், எழுதி அனுப்பும் விடையை ஒரு மனிதர் படித்துத் திருத்தும் பழைய ஏற்பாட்டைத் தாய்ச் சர்வகலாசாலை விடவில்லை. பி.பி.ஸி.யில் நடத்தி வந்த டெலிவிஷன் பாடங்கள் 2006 டிசம்பரில் நின்றன. அதனால் சர்வகலாசாலை நின்று விடவில்லை.

ஹைதராபாத், டில்லி, சென்னை

வில்ஸன் போட்ட விதை நம் நாட்டுக்கும் வந்தது. 1982-ல் ஹைதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்த சர்வகலாசாலை தோன்றிற்று. 1985-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டப்படி டில்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்த சர்வகலாசாலை ஏற்பட்டது. இரண்டுக்கும் முதல் உபாத்யட்சர் ஜி. ராம ரெட்டி. டில்லி ஸ்தாபனம் 1987-ல் 4,528 மாணவர்களோடு, இரண்டே பாடத் திட்டங்களோடு தொடங்கி, பிற்பாடு லட்சக்கணக்கானவர்கள் சேரும் ஸ்தாபனமாக வளர்ந்தது. சிறிதாக ஆரம்பித்துப் பெரிதாவது எளிது. பெரிதாக ஆரம்பிப்பதில்தான் ஆபத்து என்று லண்டனில் பார்த்தோம்.

அந்த டில்லிச் சர்வகலாசாலையில் 1990 முதல் 1994 வரை உபாத்யட்சராக இருந்தவர் நம் வா. செ. குழந்தைசாமி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மகாநாட்டில், முதல் மந்திரி மு. கருணாநிதி தமிழுக்கென்று ஓர் இணையப் பல்கலைக்கழகம் அமைக்கப் போவதாக அறிவித்தார். 2001 பிப்ரவரி 17-ந் தேதி அது தொடங்கப்பட்டது. அதை முன்னின்று வழி நடத்தியவர் குழந்தைசாமி. பிரிட்டிஷ் மந்திரியின் பிரசங்கத்துக்கு ஒரு வருஷம் முன்னதாகவே இங்கே அறிவிப்பு வந்து விட்டது; அவர்கள் கடை திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே இங்கே பாடமும் வந்து விட்டது!

இங்கே யார் மாணவர் என்பதில் ஆரம்பம் முதலே குழப்பம் இல்லை. மலேயாவிலும் மொரீஷியஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் தமிழர்களின் குழந்தைகள். அகரம் முதல் கற்க வேண்டியவர்கள். ஸ்தாபனம் உலகப் பிரசித்தி பெற்ற பெரிய சர்வகலாசாலையாகி விடவில்லை. பிற்பாடு ‘தமிழ் இணையக் கல்விக்கழகம்’ என்று பெயரும் அடக்கமாயிற்று. ஆட்சிகள் பல தடவை மாறியும் அது இருந்து வருகிறது. அச்சில் அகப்படாத பழம் புத்தகங்களைத் தேடுகிறவர்கள் அதன் மின் நூலகத்தை நன்கு அறிவார்கள். ஐந்து கோடிப் பவுன் செலவழித்த சர்வகலாசாலையின் பாடத்தை இன்று தேடினால் எங்கே அகப்படும்?

2018-ல் சர்வகலாசாலை மான்யக் கமிஷன் முழுப் பட்டத்தையும் இணையத்திலேயே நடத்த அநுமதித்து விதிகள் வகுத்தது. 2020 மே மாதம், தொற்று நோயால் நாடே கதவடைத்துக் கிடந்த சமயத்தில், தரவரிசையில் முதல் நூறு சர்வகலாசாலைகள் தாமாகவே இணையப் பாடங்களைத் தொடங்கலாம் என்று நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2022 பிப்ரவரி வரவு செலவுத் திட்டப் பிரசங்கத்தில் ஒரு டிஜிடல் சர்வகலாசாலையும் அமைக்கப்படும் என்றார். அறிவிப்புகளுக்குக் குறைவில்லை.

“பட்டம் செல்லுமா?” என்று கேட்ட தகப்பனாரிடம் வருவோம். அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனம் அளிக்கும் இணையப் பட்டமும் தொலைதூரப் பட்டமும், நேரில் படித்துப் பெறும் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் மான்யக் கமிஷன் தெளிவுபடுத்தியிருக்கிறது. எந்தெந்த ஸ்தாபனம் எந்தெந்தப் பாடத்தை நடத்தலாம் என்ற ஜாபிதாவையும் கமிஷனே வெளியிடுகிறது. விளம்பரத்தில் எந்த மந்திரியின் படம் இருக்கிறது என்று பார்ப்பதை விட்டு, அந்த ஜாபிதாவில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன், என் பெண் எழுதி அனுப்பும் விடையைப் படித்துத் திருத்துகிறவர் யார், அவருக்கு எத்தனை மாணவர்கள், எத்தனை நாளில் திருப்பி அனுப்புவார் என்று ஒரு கடிதம் போட்டுக் கேட்பதும் உசிதம். ஜாபிதாவில் அதற்குப் பதில் கிடையாது. ஸ்தாபனம்தான் சொல்ல வேண்டும்.